ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களை ஒப்பிடுவது எப்படி: நேர்ரோட்டுக்கு ஒரு கணக்கு, வளைவுக்கு ஒரு கணக்கு

குன்னூரில் டயர், பிரேக், வீல் அலைன்மென்ட் வேலை பார்க்கிறேன். "சுப்ரா ஃபாஸ்டா, ஜிடிஆர் ஃபாஸ்டா அண்ணே?" என்று கடைக்கு வரும் காலேஜ் பையன்கள் கேட்பார்கள். சுப்ரா டொயோட்டாவின் கார், ஜிடிஆர் நிசானின் கார். எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். நேர்ரோட்டுக்கும் வளைவுகள் நிறைந்த ரேஸ் ட்ராக்குக்கும் ஒரே கணக்கைப் போட்டால் தப்பாகத்தான் வரும்.

நேர்ரோட்டுக்குக் குதிரைத்திறனை எடையால் வகுத்துப் பாருங்கள், விடை பெரிதாக வருகிற வண்டிதான் வேகமாகப் பாயும். இதில் ஒரு சங்கதி உண்டு. 1989 முதல் 2004 வரை ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, உள்நாட்டில் விற்ற கார்களுக்கு 280 குதிரைத்திறனுக்கு மேல் காட்டவில்லை. ஆர்34 தலைமுறை ஜிடிஆர், சுப்ரா, மாஸ்டா ஆர்எக்ஸ்-7இன் 1999 மாடல் எல்லாமே தாளில் 280தான். அதே சுப்ராவுக்கு அமெரிக்காவில் 320 என்று போட்டார்கள். ஆகவே திறனைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள், எடையை நம்புங்கள். ஜிடிஆர் சுமார் 1,560 கிலோ, சுப்ரா 1,510, ஆர்எக்ஸ்-7 1,280. அப்புறம், கிளம்பும்போது பிடிப்பு எத்தனை சக்கரத்தில் என்று பாருங்கள். ஜிடிஆருக்கு நாலு சக்கரமும் இழுக்கும், மற்ற இரண்டுக்கும் பின்சக்கரம் மட்டும்தான்.

ட்ராக்குக்கு நான் முதலில் பார்ப்பது பிரேக்கை. 2007இல் வந்த அடுத்த தலைமுறை ஆர்35 ஜிடிஆர் சுமார் 1,740 கிலோ. டொயோட்டா 86 ஏறக்குறைய 1,240. ஒரே வேகத்திலிருந்து இரண்டையும் நிறுத்தினால் ஜிடிஆரின் பிரேக் 40 சதவீதம் கூடுதல் சூட்டைத் தாங்க வேண்டும். அதற்காகத்தான் அதற்கு அவ்வளவு பெரிய டிஸ்க். சூடு என்ன செய்யும் என்பதை எங்கள் ஊரிலேயே பார்க்கலாம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கியரில் இறக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிய வண்டி வந்தால், வீலைக் கழற்றும் முன்பே கருகல் வாடை அடிக்கும். டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருக்கும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடின் முகம் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று பளபளக்கும். அப்படியான பேட் எவ்வளவு அழுத்தினாலும் சரியாகப் பிடிக்காது.

அடுத்தது, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. ஆர்எக்ஸ்-7இல் இருப்பது பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டார் கொண்ட ரோட்டரி இன்ஜின், அது சின்னது, முன் அச்சுக்குப் பின்னால் அடங்கிவிடும். ஹோண்டா என்எஸ்எக்ஸில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால். 86இல் படுத்த வாக்கில் இருக்கும் பாக்ஸர் இன்ஜின், அதனால் பாரம் தரைக்குக் கிட்டே. வளைவில் வண்டி சாயாமல் திரும்புவதற்கு இதுதான் காரணம். என்னைக் கேட்டால் ட்ராக்குக்கு ஆர்எக்ஸ்-7தான். இன்ஜின் பராமரிப்பு கஷ்டம், இருந்தாலும் அந்த எடைக்கு ஈடு கிடையாது.

வீடியோ பார்த்து ஒப்பிடுவதானால் ஒரே ட்ராக், ஒரே ரக டயர், ஒரே டிரைவர் என்று இருக்கிறதா பாருங்கள். டயர் மாறினாலே கணக்கு மாறிவிடும். நேர்ப்பாதை முடிவில் காட்டும் வேகத்தை விடுங்கள், வளைவின் நடுவில் மிகக் குறைந்த வேகம் எவ்வளவு என்று குறியுங்கள். முதல் சுற்றையும் ஐந்தாவது சுற்றையும் பக்கத்தில் வையுங்கள். நேரம் ஏறிக்கொண்டே போனால் பிரேக்கோ டயரோ சூட்டில் தளர்கிறது.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஹோண்டா எஸ்2000 போல, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜின் கிட்டத்தட்ட அதே அளவு திறனை இழக்கும். டர்போ வண்டி பெருமளவு ஈடுகட்டிவிடும். சமவெளியில் எடுத்த நேர்ரோட்டு நேரத்தை இங்கே அப்படியே பேச முடியாது. எடையும் அதன் இருப்பிடமும் எங்கேயும் மாறாது.

கையாளும் விதத்தை உடம்பால் உணர ஆசையா? மலைப்பாதை வேண்டவே வேண்டாம், எதிரில் பஸ் வரும், காட்டெருமை நிற்கும். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சொந்த வண்டியை ட்ராக்கில் ஓட்ட விடும் ட்ராக் நாள் எப்போது என்று விசாரித்து, இருக்கிற வண்டியிலேயே போங்கள். கிளம்பும் முன் பிரேக் ஆயிலைப் புதுசாக மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் ஈரம் ஏறியிருக்கும், சீக்கிரம் கொதித்துப் பெடல் உள்ளே போய்விடும்.