நாகப்பட்டினத்தை அரைநாளில் வழிகாட்டியுடன் சுற்றிப் பார்ப்பது எப்படி

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் வருகிறவர்கள் பெரிய கோயிலையும் தாராசுரத்தையும் பார்த்துவிட்டு, கிழக்கே நாகப்பட்டினம் வரை வந்தால் நேரே வேளாங்கண்ணிக்கோ நாகூருக்கோ போய்விடுகிறார்கள். இடையில் இருக்கும் நகரம் பேருந்து மாறும் இடமாகவே அவர்கள் நினைவில் தங்கிவிடுகிறது. அதற்குக் காரணம் உண்டு. நாகையின் பழம்பெருமைக்குச் சான்றான கட்டடங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் இல்லை, டச்சுக்காரர் கோட்டை இல்லை, பினாங்குக்குக் கப்பலேற வரிசையில் நின்ற கூட்டமும் இல்லை. தானே நடந்து பார்க்கிறவருக்கு இங்கே கடைத்தெருவும் கடற்கரையும்தான் தென்படும். பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் இருந்தால்தான் இந்த ஊரைப் பார்க்க முடியும் என்பதாலேயே, நாகைக்கு வழிகாட்டி அவசியம் என்கிறேன்.

அரைநாள் என்று நான் சொல்வது விடியற்காலை ஐந்தரை மணியிலிருந்து நண்பகல் வரையிலான நேரம். பிற்பகலில் தொடங்கினால் மீன் ஏலம் முடிந்திருக்கும், கோயில் நடை சாத்தியிருக்கும், வெயிலில் கடற்கரையில் நிற்கவும் முடியாது. ஆகவே முதல் நாள் இரவே நாகையிலோ நாகூரிலோ வந்து தங்கிவிடுவது நல்லது. தை, மாசி மாதங்கள் மிகப் பொருத்தமானவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வரும் வழியில் திருவாரூருக்கு இப்பால் சம்பா வயல்கள் அறுவடைக்குத் தலைசாய்ந்து நிற்பதையும் காணலாம். ஐப்பசி, கார்த்திகையில் வர நேர்ந்தால் புயல் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். இந்தக் கரையில் அது வெறும் எச்சரிக்கையாகப் போய்விடுவதில்லை என்பதை 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் காட்டிவிட்டது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். அரசின் அங்கீகாரம் பெற்றவர்களிடம் அடையாள அட்டை இருக்கும். அதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், உள்ளூர் வரலாற்றில் ஈடுபாடுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைத் தங்கும் விடுதியிலோ பள்ளிகளிலோ விசாரித்துக் கண்டுபிடிப்பது, வாகனம் ஓட்டுபவரையே வழிகாட்டியாகக் கொள்வதைவிட எவ்வளவோ மேல். யாராக இருந்தாலும் பேசி முடிக்கும் முன் தொலைபேசியில் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, சூடாமணி விகாரத்தைப் பார்க்க முடியுமா?" தாராளமாகப் பார்க்கலாம், கட்டடம் நன்றாக இருக்கிறது என்று சொல்பவரை விட்டுவிடுங்கள். "கட்டடம் இல்லை, ஆனால் அது இருந்த பகுதிக்கு அழைத்துப் போய்க் கதையைச் சொல்கிறேன்" என்பவரே உங்களுக்கு ஏற்றவர். அவருக்கான ஊதியம், வாகன வாடகை, காலை உணவுச் செலவு யாருடையது ஆகிய மூன்றையும் முன்னதாகவே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். கடைகளுக்கு அழைத்துப் போக வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். முன்பொரு முறை வெளியூர் உறவினர்களுடன் நான் வந்தபோது, அமர்த்திக்கொண்டவர் எங்களை இரண்டு கடைகளில் உட்கார வைத்துவிட, கோயில் வாசலை அடைந்தபோது நடை சாத்திவிட்டார்கள். உடன் வந்த முதியவர் மூடிய கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பயணத்தைக் கடுவையாறு கடலில் சேரும் இடத்தை ஒட்டிய மீன்பிடித் துறைமுகத்திலிருந்து தொடங்குங்கள். விசைப்படகுகள் கரைக்குத் திரும்பி, மீன் கூடைகள் இறங்கி, ஏலக்குரல் உயரும் அந்த ஒரு மணி நேரத்தில் நாகை எதனால் வாழ்கிறது என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். தரை எப்போதும் ஈரமாக இருக்கும் என்பதால் வழுக்காத செருப்பு அணிந்து வாருங்கள். ஏலம் நடக்கும் இடத்தில் குறுக்கே நிற்க வேண்டாம், மீன் தரம் பிரிக்கும் பெண்களை அவர்களைக் கேட்காமல் படம் எடுக்கவும் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் வருபவர்கள் படகுகள் கட்டி நிற்பதையும் வலை செப்பனிடும் வேலையையும்தான் காண்பார்கள்.

துறைமுகத்தை அடுத்த அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்தபோது பெரும் உயிரிழப்பைச் சந்தித்த ஊர்கள். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இங்கே நிற்கும்போது வழிகாட்டி சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கரையில் நிற்கும் மீனவரிடம் போய் "உங்கள் வீட்டில் யாராவது போனார்களா" என்று கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள், அதுவே போதும்.

கடலோரத்தில் நிற்கும்போதே அதிபத்த நாயனாரின் கதையைச் சொல்லும்படி வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள். அறுபத்துமூவரில் ஒருவரான அவர் நாகையின் நுளைப்பாடியில் பிறந்த பரதவர். நாள்தோறும் வலையில் முதலில் அகப்படும் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் வழக்கம். நாளுக்கு ஒரு மீன்தான் கிடைக்கும் வறுமைக் காலம் வந்தபோதும் அதை விட்டுவிட்டு வெறுங்கையுடன் திரும்பினார். கடைசியில் அந்த ஒற்றை மீன் பொன்னும் மணியுமாக வந்தது, அதையும் விட்டார். காலை ஏலத்தைப் பார்த்துவிட்டு இந்தக் கதையைக் கேட்பவருக்கு, முதல் மீனை விடுவது என்றால் என்ன என்பது புத்தகத்தில் படிப்பவரைவிட நன்றாகவே புரியும். பிறகு சிற்றுண்டியை முடித்துக்கொண்டு ஏழரை மணியளவில் காயாரோகணேசுவரர் கோயிலுக்குப் போங்கள். ஊரார் இதை நீலாயதாட்சி அம்மன் கோயில் என்றே சொல்வார்கள். வழி கேட்கும்போது அந்தப் பெயரையே சொல்லுங்கள்.

இந்தக் கோயிலில் அவசரப்படக் கூடாது. தேவாரத்தில் நாகைக் காரோணம் என்று வரும் இத்தலத்தை மூவரும் பாடியிருக்கிறார்கள். அவர்களில் சுந்தரர் பாடிய பதிகத்தின் செய்தியை வழிகாட்டி விளக்கச் சொல்ல வேண்டும். அதில் அவர் இறைவனிடம் முத்தும் மணியும், பட்டும், கத்தூரியும் சாந்தும், காற்றைப் போல விரையும் குதிரையும் தனக்கு வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறார். வேறு ஊர்களில் பொன்னும் நெல்லும் கேட்டவர் இங்கே இத்தனை பொருள்களைப் பெயர் சொல்லிக் கேட்பதற்கு, கப்பலில் வந்து இறங்கிய சரக்குகளை அவர் இந்தத் தெருக்களிலேயே கண்டிருக்க வேண்டும் என்பதே காரணம் என்று நான் நினைக்கிறேன். முதலாம் ராஜேந்திரன் காலத்தில், சுமத்ரா தீவை மையமாகக் கொண்டிருந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசனின் முகவர் இக்கோயிலுக்குக் கொடையளித்ததைச் சொல்லும் கல்வெட்டுகளும் உண்டு. கடல் கடந்த பௌத்த அரசின் ஆள் சைவக் கோயிலுக்குக் கொடை தந்த ஊர் இது. தியாகராசர் ஆடும் ஏழு விடங்கத் தலங்களில் நாகையும் ஒன்று. இங்கே அவர் ஆட்டத்துக்குப் பெயர் பாராவார தரங்க நடனம், அதாவது கடல் அலையின் ஆட்டம்.

அருகிலேயே சௌந்தரராசப் பெருமாள் கோயில் இருக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய இத்தலத்தில், எட்டுக் கரங்களோடு கூடிய நரசிம்மர் செப்புத் திருமேனி ஒன்று உண்டு; ஒரு கை இரணியனை வதைக்க, இன்னொரு கை பிரகலாதன் தலையில் அமர்ந்து ஆறுதல் தருகிறது. இதைக் காட்டும்படி முன்கூட்டியே வழிகாட்டியிடம் சொல்லி வையுங்கள். பொதுவாகச் சேவித்துவிட்டுத் திரும்புபவர்கள் கண்ணில் இது படாமல் போய்விடுகிறது.

ஒன்பது மணிக்கு மேல் வெளிப்பாளையம் பகுதிக்குச் செல்லுங்கள். வழிகாட்டியின் திறமை இங்கேதான் தெரியும், ஏனென்றால் காட்டுவதற்கு எதுவும் இல்லாத இடம் இது. ஸ்ரீவிஜய மன்னன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகையில் ஒரு பௌத்த விகாரத்தை எழுப்பினான். அதற்கு முதலாம் ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006-இல், கீழ்வேளூர் அருகிலுள்ள ஆனைமங்கலத்தின் வருவாயை அளித்தான். ஆண்டுக்கு 8,943 கலத்துக்குச் சற்று மேற்பட்ட நெல் என்று குறுணி, நாழி வரை கணக்கிட்டு எழுதியிருக்கிறார்கள். ராஜராஜன் தந்த கொடையைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் அவன் மகன் ராஜேந்திரன். அவனே 1025-இல் ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்தான் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். அந்த ஆனைமங்கலச் செப்பேடுகள் கடல் கடந்து நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தை அடைந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்ற பெயரும் பெற்றன. காவிரி நீரில் விளைந்த நெல்லைக் கொண்டு கடலுக்கு அப்பாலிருந்து வந்த துறவிகளுக்குச் சோறு போட்ட கணக்கு அது. நெல் விளையும் ஊரில் பிறந்தவன் என்ற முறையில், நாகையைப் பற்றிய செய்திகளிலேயே எனக்கு மிகவும் நெருக்கமானது இதுதான்.

பௌத்தர்கள் எழுப்பிய செங்கற் கோபுரம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நகரின் வடபுறம் நின்றது. கப்பலோட்டிகளுக்கு அது அடையாளமாக இருந்தது. ஐரோப்பியர் அதைச் சீனக் கோபுரம் என்றனர். 1846-இல் அதைப் பார்த்த சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட், மூன்று நிலைகளாகச் சுண்ணாம்பின்றி நெருக்கமாக அடுக்கிய செங்கற்களால் ஆன சதுரக் கோபுரம் என்று குறித்தார். 1867-இல் அதை இடித்துவிட்டார்கள். 1856 முதல் அடுத்த பல பத்தாண்டுகளில் இப்பகுதி மண்ணிலிருந்து கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் ஏறத்தாழ 350. அவற்றில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தத் திருமேனிகளின் படங்களையும் கோபுரத்தின் பழைய ஓவியத்தையும் கைப்பேசியில் வைத்துக்கொண்டு வந்தால், வெற்றுத் தெருவில் நின்று கேட்கும் கதைக்கு உருவம் கிடைக்கும். வழிகாட்டியிடமே படங்கள் இருந்தால் அவர் நல்லவர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அங்கிருந்து பழைய துறைமுகப் பக்கம் போகும் வழியில் ஐரோப்பியர் காலத்தைச் சுருக்கமாகக் கேட்டுக்கொள்ளலாம். போர்த்துக்கீசியரிடமிருந்து 1658-இல் டச்சுக்காரர் நாகையைக் கைப்பற்றினர். 1690-இல் பழவேற்காட்டிலிருந்து தங்கள் சோழமண்டலத் தலைமையிடத்தை இங்கே மாற்றினர். 1781-இல் ஆங்கிலேயர் பிடித்தனர். நேரமும் ஆர்வமும் இருந்தால் டச்சுக்காரர் கல்லறைகளைப் பார்க்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். துறைமுகத்தின் முன் நின்று கேட்க வேண்டிய கதை மலாயாவுக்குப் போனவர்களுடையது. 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் பல ஆண்டுகள் இங்கிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மக்களை ஏற்றிச் சென்றது. டெல்டாவில் "ரஜுலாவில் போனவர்" என்ற பேச்சு இல்லாத பழைய குடும்பங்கள் குறைவு. உங்கள் தாத்தாவோ பாட்டியோ அப்படிப் போயிருந்தால், புறப்படும் முன் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள். 2023 அக்டோபரில் இத்துறைமுகத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியதையும் வழிகாட்டி சொல்வார்.

பத்தரை மணிக்குள் நாகூருக்குக் கிளம்பிவிடுங்கள். வடக்கே ஐந்தாறு கிலோமீட்டர்தான். சாகுல் அமீது ஆண்டவர் அடக்கமாகியிருக்கும் தர்காவில் ஐந்து மினாராக்கள் உள்ளன. அவற்றில் மிக உயர்ந்த பெரிய மினாரா 131 அடி. அதைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். உள்ளே போகும் முன் தலையை மூடிக்கொள்ளக் கைக்குட்டையோ முந்தானையோ தயாராக இருக்கட்டும். காலணிகளை வெளியே விடுங்கள். அங்கே எதையாவது வாங்கியே ஆக வேண்டும் என்றோ, காணிக்கை இவ்வளவு தர வேண்டும் என்றோ யாரேனும் வற்புறுத்தினால், வழிகாட்டியே பணிவாகப் பேசி முடிக்கட்டும். கந்தூரி விழாவின் போது கொடி ஊர்வலமும் சந்தனக்கூடும் நாகப்பட்டினத்திலிருந்தே புறப்பட்டு நாகூர் வருகின்றன என்பதால், அந்த நாட்களில் இந்த அரைநாள் பயணத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். விழாவுக்கென்றே தனியாக வாருங்கள். கப்பலேறிப் போன தமிழ் முஸ்லிம்கள் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் எழுப்பிய நாகூர் தர்காக்கள் இருப்பதை இங்கே வழிகாட்டி சொன்னால், துறைமுகத்தில் கேட்ட கதையும் இந்த மினாராவும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

வேளாங்கண்ணியையும் சிக்கல் முருகன் கோயிலையும் இதே அரைநாளில் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. சேர்க்க வேண்டாம். வேளாங்கண்ணி தெற்கே, நாகூர் வடக்கே. இரண்டையும் தொட முயன்றால் பாதி நேரம் வாகனத்தில் போகும், வெளிப்பாளையத்தில் நிற்க நேரம் இருக்காது. நண்பகலில் நாகூரிலேயே வழிகாட்டிக்குப் பேசிய தொகையைக் கையில் கொடுத்து, அவரையும் உடன் உட்கார வைத்துச் சாப்பிடுங்கள். இறால் வைத்துச் சுடும் நாகூர் வாடா எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்பதை அவரிடமே கேளுங்கள். திரும்புவதற்கு நாகூர் ரயில் நிலையத்திலிருந்து திருவாரூர் பக்கம் வண்டி உண்டு.