கவட்டையில் பிளக்காத ஓவரால்: துணி பார்ப்பதிலிருந்து தைத்து வாங்குவது வரை

ஓவரால் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் துணியை இரண்டு விரலால் கசக்கிப் பார்ப்பார். தடிமனாக இருந்தால் "இது தாங்கும்" என்று முடிவு கட்டிவிடுவார். பட்டறை மூலையில் கழித்துப் போட்ட ஓவரால்களைப் புரட்டிப் பார்த்தால் கதை வேறு. துணி நைந்து போனவை அதில் குறைவு. கவட்டை பிளந்தவை, ஜிப் போனவை, முழங்கால் ஓட்டையானவை, இவைதான் அதிகம். கவட்டை பிளப்பது துணி மெல்லியது என்பதால் அல்ல, தோளிலிருந்து கவட்டை வரையிலான நீளம் போதாததால். 320 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 320 கிராம் எடையுள்ள) கேன்வாஸில் தைத்தாலும் அந்த நீளம் குறைந்தால் குந்தி உட்காரும்போது தையல் விடும்.

இங்கே ஓவரால் என்பது சட்டையும் பேண்டும் ஒன்றாகத் தைத்த முழுக்கை உடை. பாய்லர் சூட், கவரால் என்றும் கடைகளில் சொல்வார்கள்.

முதலில்: உங்களுக்கு ஓவரால்தான் வேண்டுமா?

மதுரையில் ஏப்ரல், மே வெயிலில் முழு ஓவரால் போட்டு மொட்டை மாடியில் வேலை செய்வது தண்டனை. மேலே தெறிக்காத, கால் மட்டும் அழுக்காகிற வேலை என்றால் தோளில் வார் போட்ட பிப் ஓவரால் போதும். அடிக்கடி கழிப்பறை போக வேண்டிய நிலையில் இருக்கும் பெண்களுக்கு ஒரே உடை பெரிய தொல்லை. அதே துணியில் நீளமான சட்டையும் பேண்டும் தனித்தனியாகத் தைப்பதே எங்கள் பரிந்துரை. வண்டிக்கு அடியில் படுப்பது, குனிந்து நிமிர்ந்து தூசியில் புழங்குவது, தலைக்கு மேலே பெயிண்ட் அடிப்பது மாதிரி, சட்டை ஏறி இடுப்பு தெரிகிற வேலைகளுக்குத்தான் முழு ஓவராலின் அருமை தெரியும்.

படி 1: மேலே என்ன படும் என்று எழுதிக்கொள்ளுங்கள்

எந்தத் துணி என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

எண்ணெய், கிரீஸ் என்றால், அதாவது டூவீலர் பட்டறை, பம்புசெட் வேலை போன்றவற்றுக்கு, 65 சதவீதம் பாலியஸ்டர், 35 சதவீதம் பருத்தி கலந்த டெரிகாட்டன் ட்ரில் (சாய்ந்த கோடு தெரியும் நெசவு) நல்லது. 210 முதல் 240 ஜி.எஸ்.எம். போதும். சுருங்காது, சீக்கிரம் காயும், உரசலைத் தாங்கும்.

வெல்டிங், கிரைண்டிங் என்றால் அதே துணி ஆபத்து. பாலியஸ்டர் ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உருகும், உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி கருகும், ஆனால் ஒட்டாது. ஆகவே முழுப் பருத்தி ட்ரில், 280 முதல் 320 ஜி.எஸ்.எம். தையல் நூலும் பருத்தி நூலாக இருக்கட்டும். துணியைப் பருத்தியாக வாங்கிவிட்டு பாலியஸ்டர் நூலில் தைத்தால் பொறி பட்ட இடத்தில் தையல் அறுந்துபோகும். நாள் முழுக்க ஆர்க் வெல்டிங் செய்கிறவர்களுக்குச் சாதாரணப் பருத்தி போதாது, ஐ.எஸ்.ஓ. 11611 முத்திரை உள்ள தீத்தடுப்புத் துணியே வேண்டும். அதைத் தையல் கடையில் தைக்காமல் பாதுகாப்புச் சாதனக் கடையில் ரெடிமேடாக வாங்குங்கள்.

பேட்டரி கடையில் நேர் எதிர். கந்தக அமிலம் பருத்தியை அரிக்கும். பட்ட அன்று ஒன்றும் தெரியாது. முதல் சலவையில் சல்லடையாக வெளியே வரும். பாலியஸ்டர் அதிகமுள்ள துணி, அதன் மேல் ரப்பர் ஏப்ரன்.

சிமெண்ட், கான்கிரீட் வேலையில் பலர் கோட்டை விடும் விஷயம் ஒன்று உண்டு. ஈர சிமெண்டுக் கலவை கடுமையான காரம். அதில் முழங்காலிட்டால் துணி உறிஞ்சித் தோலோடு ஒட்ட வைத்துக்கொள்ளும். எரிச்சல் தெரிவதற்குள் தோல் வெந்திருக்கும். எந்த ட்ரில் துணியும் இதைத் தடுக்காது. ரப்பர் முழங்கால் பட்டையும் கம்பூட்டும் வேண்டும். ஓவரால் கால் பூட்டுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் கலவை நேராகப் பூட்டுக்குள் இறங்கும். வெல்டருக்கும் இதே விதிதான், அங்கே இறங்குவது பொறி.

மேலூர்ப் பக்கம் கல் அறுக்கிற, பாலிஷ் போடுகிற இடங்களில் படிவது சிலிக்கா தூசி. நெருக்கமான நெசவு, மூடியில்லாத பை எதுவும் கிடையாது, மணிக்கட்டில் எலாஸ்டிக். வேலை முடிந்ததும் கம்ப்ரஸர் காற்றால் உடையை ஊதுவது வழக்கமாக இருந்தால் நிறுத்துங்கள். துணியில் இருந்த தூசி அப்படியே உங்கள் மூக்குக்குப் போகிறது. நனைத்துத் துவைப்பதே வழி.

மல்லிகைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்களுக்குப் பருத்தி ஓவரால் மட்டும் போதாது. அது மருந்தைக் குடித்து உடம்போடு வைத்துக்கொள்ளும். முதுகில் மாட்டும் தெளிப்பான் கசிவது பெரும்பாலும் முதுகிலும் இடுப்பிலும்தான், அங்கே நீர் புகாத மேலங்கி வேண்டும். ஒருமுறை போட்டுக் கழிக்கும் ஓவரால் வாங்கினால் டைப் 6 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது லேசான திரவத் தெறிப்புக்கு. டைப் 5 காய்ந்த தூசிக்கு.

கழிவுநீர்த் தொட்டி பற்றியும் சொல்லிவிடுகிறோம். தொட்டிக்குள் இறங்குவதற்கென்று எந்த ஓவராலும் கிடையாது. கொல்வது விஷவாயு, அழுக்கு அல்ல. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம்.

படி 2: துணியைக் கடையிலேயே சோதியுங்கள்

மதுரையில் விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளில் காக்கி, நேவி ப்ளூ ட்ரில் கேட்டால் எடுத்துப் போடுவார்கள். "ப்யூர் காட்டன்" என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. ஓரத்தில் இரண்டு நூலை உருவி வெளியே கொண்டுபோய் இடுக்கியில் பிடித்துப் பற்ற வையுங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெத்தென்ற சாம்பலானால் பருத்தி. சுருண்டு உருகி நுனியில் கறுப்பு மணி மாதிரிக் கெட்டியானால் பாலியஸ்டர். எரியவும் செய்து கெட்டி முனையும் விட்டால் கலப்பு. நீளவாக்கு நூல் ஒன்று, குறுக்கு நூல் ஒன்று என இரண்டையும் தனியாகச் சோதியுங்கள்.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. அதைக் காட்டும் கருவி தேவையில்லை, தராசு போதும். 58 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) ஒரு மீட்டர் துணி, 240 ஜி.எஸ்.எம். என்றால் சுமார் 353 கிராம் இருக்க வேண்டும். நடுத்தர உயரமுள்ள ஒருவருக்கு முழு ஓவரால் தைக்க இந்தப் பன்னாவில் சுமார் மூன்றரை மீட்டர் பிடிக்கும்; வெட்டி வாங்கியதும் எடை போட்டால் 1 கிலோ 235 கிராம் அருகே வரணும். 930 கிராம்தான் வருகிறது என்றால் கையில் இருப்பது 180 ஜி.எஸ்.எம். கஞ்சி ஏற்றிய துணி இந்தச் சோதனையை ஏமாற்றும், ஆகவே துணியைக் கசக்கித் தட்டுங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் வேண்டாம்.

நெசவில் சாய்ந்த கோடு தெரிய வேண்டும். அதுதான் ட்ரில். ஒட்டுப் போடவும் பைக்கும் கால் மீட்டர் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அதே சாயத்தில் கிடைக்காது.

படி 3: வெட்டும் முன் சுருக்குங்கள்

பருத்தித் துணி என்றால் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டு, முறுக்காமல் எடுத்து, நிழலில் காயவிட்டு, இஸ்திரி போட்டு அதற்குப் பிறகு தையல்காரரிடம் கொடுங்கள். நனைக்காத பருத்தி நீளவாக்கில் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம். 68 அங்குல உடல் சுற்று நீளத்தில் (அடுத்த படியில் எடுக்கும் அளவு) 4 சதவீதம் என்றால் ஏறக்குறைய 2¾ அங்குலம். தளர்வுக்கென்று விட்டதில் பெரும்பகுதி முதல் சலவையிலேயே போய்விடும்.

படி 4: ஒரே ஒரு அளவு, ஆனால் அதுதான் உயிர்

மார்பு, தோள், கை, சீட், தொடை, பாட்டம் எல்லாம் தையல்காரர் தானாக எடுத்துவிடுவார். அவர் பெரும்பாலும் எடுக்காதது உடல் சுற்று நீளம். சட்டையும் பேண்டும் தனியாகத் தைக்கும்போது அது தேவைப்படுவதே இல்லை.

டேப்பைத் தோளின் நடுவில் வையுங்கள். முன்பக்கமாக இறக்கி, கவட்டைக்குள் கொண்டுபோய், பின்பக்கம் மேலேற்றி, தொடங்கிய இடத்திலேயே சேருங்கள். நிமிர்ந்து நின்று, டேப்பை இழுக்காமல் எடுங்கள். 64 அங்குலம் வந்தால் 4 கூட்டி 68. மார்பில் 5 அங்குலம் தளர்வு விடுங்கள். அதற்கு மேல் விட்டால் லேத், பெல்ட் ஓடுகிற மோட்டார் பக்கத்தில் துணி மாட்டிக்கொள்ளும்.

படி 5: தையல்காரரிடம் என்ன சொல்வது

புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன தையல் கடைகள், அல்லது உங்கள் தெருவில் யூனிஃபார்ம் தைக்கிறவர், யாராக இருந்தாலும் கீழ்க்கண்டதை எழுதிக் கொடுங்கள். "அண்ணே, நல்லா ஸ்ட்ராங்கா தைங்க" என்றால் எதுவும் நடக்காது.

கவட்டையில் நான்கு தையல் ஒரே புள்ளியில் சேரக் கூடாது. சாய்சதுரமாக 4 அங்குல பீஸ் ஒன்று வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். இழுவிசை ஒரு புள்ளியில் விழாமல் நான்கு பக்கமும் பிரியும்.

பக்கத் தையலும் கால் தையலும் ஓரத்தை மடித்து இரட்டைத் தையல். ஓவர்லாக் மட்டும் அடித்தது வேண்டாம். ஒரு அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல். நெருக்கினால் வலு கூடும் என்று 14 போடச் சொல்லாதீர்கள், ஊசித் துளைகளே துணியைக் கிழித்துவிடும். 240 ஜி.எஸ்.எம். துணிக்கு 16 நம்பர் ஊசி, அதைவிடக் கனத்ததற்கு 18. பை முனைகளிலும் ஜிப் அடியிலும் பார்டாக் (பிரியாமல் இருக்க நெருக்கமாக அடிக்கும் குட்டித் தையல்).

முதுகில் தோள்பட்டைக்குப் பின்னால் இருபுறமும் ஒன்றரை அங்குல மடிப்பு விட்டால் கையை முன்னே நீட்டும்போது இழுக்காது. இடுப்பில் எலாஸ்டிக் பின்பக்கம் மட்டும்.

முழங்கால் ஒட்டு 10 அங்குல நீளம், 7 அங்குல அகலம். நின்றபடி அளந்தால் தப்பு. குந்தும்போது துணி மேலே ஏறும், ஒட்டு தொடைக்குப் போய்விடும். காலை மடக்கி சாக்பீஸால் குறியுங்கள். ஒட்டின் அடிப்பக்கம் தைக்காமல் விட்டால் உள்ளே சேரும் மணல் உதிர்ந்துவிடும், ஃபோம் வேண்டுமானால் செருகவும் செய்யலாம்.

ஜிப்: எண்ணெய் வேலைக்கு 8 நம்பர் பித்தளை, மேலும் கீழும் ரன்னர் இரண்டு. பெயிண்ட், சிமெண்ட் வேலைக்குப் பித்தளைப் பல் அடைத்துக்கொள்ளும், அங்கே டிச் பட்டன் நல்லது. எதுவானாலும் மேலே துணி மூடி வேண்டும். வண்டி டேங்க்கில் கீறல் விழாது, நெஞ்சில் பொறி இறங்காது. வெல்க்ரோவில் நூலும் தூசியும் சேர்ந்தால் சில மாதத்தில் பிடிப்பு போய்விடும்.

படி 6: காசு கொடுக்கும் முன்

உள்ளே போடும் உடைக்கு மேலே ஓவராலைப் போட்டு, ஜிப்பை முழுக்க ஏற்றி, முழுதாகக் குந்துங்கள். அப்படியே இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். கழுத்து கீழே இழுத்தாலோ கவட்டை வெட்டினாலோ திருப்பிக் கொடுங்கள். ரெடிமேடில் இந்தக் குறை இருந்தால் ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது முழுத் தீர்வு ஆகாது. நீளம் கிடைக்கும், கையும் மார்பும் தொளதொளக்கும்.

துவைப்பும் ஒட்டும்

ஜிப்பை மூடி, உள்ளே வெளியே திருப்பித் துவைத்தால் ரன்னர் அதிக நாள் வரும். இறுகினால் மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். கிரீஸ் கறையில் சலவை சோப்பை நேரடியாகத் தேய்த்து அரை மணி நேரம் விட்டுச் சுடுநீரில் அலசுங்கள். பெட்ரோலில் அலசுகிற பழக்கம் வேண்டாம், காய்ந்த மாதிரி தெரிந்தாலும் ஆவி துணியில் இருக்கும். மருந்தடித்த உடையை வீட்டுத் துணியோடு சேர்க்கவே கூடாது. ஆளி விதை எண்ணெய் கலந்த வார்னிஷ் பட்டதைக் குவியலாகப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள். குவிந்து கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

முழங்கால் நைந்து குறுக்கு நூல் தெரிய ஆரம்பித்ததும் ஒட்டுப் போடுங்கள், ஓட்டை விழும் வரை விட்டால் சுற்றியுள்ள துணி தையலைப் பிடிக்காது. அமிலமோ பூச்சிமருந்தோ ஊறிய ஓவராலுக்கு ஒட்டு வேண்டாம். பட்டன்களையும் ஜிப்பையும் வெட்டி எடுத்துவிட்டு, வேறு யாரும் எடுத்துப் போடாதபடி கிழித்துக் கழித்துவிடுங்கள்.