ஸ்னூக்கர் மேசையில் சீட்டுக் கணக்கு போடாதீர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு. திருப்பூரில் சனிக்கிழமைதான் சம்பள நாள். பல்லடம் ரோட்டில் நான் வழக்கமாகப் போகும் ஸ்னூக்கர் பார்லரில் அன்று எல்லா மேசையும் நிறைந்திருக்கும். மூலை மேசையில் ஒரு பையன், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, இருபத்திரண்டு வயதிருக்கும். எயிட் பால் என்கிற பூல் ஆட்டத்தில் தொடர்ந்து மூன்று முறை பணம் விட்டான். குச்சியைக்கூடக் கீழே வைக்காமல், "ஏனுங்ணா, அடுத்தது டபுளுங்" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே சொல்லைப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் சொல்லியிருக்கிறேன்.

பந்தயமே கட்டாமல் இருப்பது நல்லது. எப்படியும் கட்டுவேன் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன், குறிப்பாகச் சீட்டு ஆடிப் பழகிவிட்டு மேசைக்கு வருகிறவர்களுக்காக. குடித்துவிட்டு ஆடாதே, குச்சி முனைக்குச் சாக் போடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தோற்றதும் பணத்தை இரட்டிப்பது

போக்கரில் உங்கள் கையில் இரண்டு ஏஸ், எதிராளி கையில் இரண்டு ராஜா என்று வைத்துக்கொள்வோம். நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் ஐந்து சீட்டும் இன்னும் விழவில்லை. இருப்பதை எல்லாம் இருவரும் உள்ளே தள்ளியாகிவிட்டது. இதைவிட நல்ல நிலைமை போக்கரில் அபூர்வம். அப்போதும் உங்களுக்கு வாய்ப்பு நூற்றுக்கு 82தான். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு முறை பணம் போய்விடும், நீங்கள் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டீர்கள். அதனால் சீட்டில் மூன்று முறை தோற்றவர் "இன்னிக்கு நேரம் சரியில்ல" என்று சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம்.

மேசையில் அப்படி மேலேயிருந்து வந்து விழ ஒரு சீட்டு கிடையாது. நீங்கள் அடித்த இடத்துக்குத்தான் பந்து போகும். ஆட்டம் தொடங்க அடுக்கிய பந்துகளை உடைக்கும்போதும், பந்தோடு பந்து உரசும்போதும் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. ஒரு கேமில் அது தெரியும். ஏழெட்டு கேமில் கரைந்துவிடும். கணக்குப் போட்டே பார்க்கலாம். பத்து கேம் ஆடினால் ஏழை எடுக்கக்கூடிய ஒருவரோடு நீங்கள் மோதுகிறீர்கள். ஒரே ஒரு கேம் என்றால் அவர் ஜெயிக்க வாய்ப்பு 70. முதலில் மூன்று கேம் எடுப்பவருக்குப் பணம் என்றால் 84. முதலில் ஏழு எடுப்பவருக்கு என்றால் 94. இரண்டு ஏஸ் வைத்திருப்பவரைவிட அவர் பலமான இடத்தில் நிற்கிறார். அவருக்கு எதிராகப் பணத்தை இரட்டிப்பதும், கை நிறைய ஏஸ் வைத்திருப்பவரிடம் "இன்னும் கொஞ்சம் போடுகிறேன்" என்று கெஞ்சுவதும் ஒன்றுதான்.

எனக்கு இது 2010 தீபாவளி போனஸில் புரிந்திருக்க வேண்டும். அம்மாவுக்குக் கிரைண்டர் வாங்க எடுத்து வைத்த பணம் சட்டைப் பையில் இருந்தது. பார்லருக்கு வந்திருந்தவர் ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் வேலை என்றார். ஐம்பது வயது, வெள்ளை வேட்டி. சொந்தக் குச்சி கிடையாது. சுவரோரம் இருந்த குச்சிகளில் நாலைந்தை மேசை மேல் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, வளையாத ஒன்றை எடுத்துக்கொண்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"மொதல்ல ஏழு கேம். ஐநூறு ரூவா. உனக்கு ரெண்டு கேம் விட்டுத் தர்றேன் கண்ணு" என்றார். அதாவது நான் ஐந்து எடுத்தால் போதும், அவர் ஏழு எடுக்க வேண்டும். எனக்கு ஒரே சந்தோஷம். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். முதல் ஆட்டத்தில் நான் எடுத்தது மூன்று கேம். அடுத்தது ஆயிரம் என்றேன். அதிலும் மூன்றுதான். அப்போதுதான் லேசாகச் சந்தேகம் வந்து, "மூணு கேம் விட்டுக் குடுங்ணா" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பணத்த எவ்வளவு வேணா ஏத்திக்க கண்ணு. கேம ஏத்த மாட்டேன்."

இந்த ஒரு வாக்கியத்தில் எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார். எனக்குத்தான் கேட்கவில்லை. இரண்டாயிரம், அப்புறம் நாலாயிரம். இருட்டும்போது மொத்தம் 7,500 ரூபாயும், அன்றைய மேசைக் காசும் (மேசைக்கு மணிக்கணக்கில் கொடுக்கும் வாடகை) என்னுடையது போயிருந்தது. பணம் போனதைவிட, அந்த வார்த்தை காதில் விழுந்தும் புரியாமல் நின்றேனே, அதுதான் இன்றும் எரிகிறது.

பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்துக்கு ஏழு எடுக்கிறவர் ஏழு கேம் ஆட்டத்தில் இரண்டு கேம் விட்டுக்கொடுத்தாலும் அவருக்கு வாய்ப்பு 79. மூன்று விட்டுக்கொடுத்தால் 65. நான்கு விட்டுக்கொடுத்தால்தான் 46 ஆகிறது. அங்கேதான் ஆட்டம் கிட்டத்தட்டச் சமமாகிறது. இரண்டு கேம் என்பது தாராளம் போலத் தெரியும் ஒரு கொக்கி. இரட்டிப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 500, 1,000, 2,000, 4,000 என்று ஏற்றிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு முறை ஜெயித்தால் உங்களுக்கு மிஞ்சுவது வெறும் 500. நான்கிலும் தோற்றால் போவது 7,500. வாய்ப்பு 21 உள்ள ஆள் நான்கிலும் தோற்பது நூற்றுக்கு 39 முறை நடக்கும். ஐநூறு ரூபாய்க்காக இந்த ஆபத்தில் யாராவது இறங்குவார்களா? நான் இறங்கினேன்.

மேசைப் பந்தயம் குச்சியைத் தொடுவதற்கு முன்னால், பேச்சிலேயே முடிந்துவிடுகிறது. அதனால் ஓர் ஆட்டம் தோற்றால் பணத்தை அப்படியே வைத்துக்கொண்டு கேமைக் கூட்டிக் கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் குச்சியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். "பயந்துட்டானப்பா" என்று நாலு பேர் சொல்வார்கள். சொல்லட்டும்.

பந்து குழியில் விழுவதை மட்டும் பார்ப்பது

போக்கரில் பிளஃப் என்பது ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் விஷயம். கையில் ஒன்றுமில்லாமல் பெரிய பணம் வைக்கலாம், விதி அனுமதிக்கிறது, எல்லோரும் அதை எதிர்பார்த்துத்தான் உட்காருகிறார்கள். மேசையில் பொய் வேறு இடத்தில் இருக்கிறது. பணம் சின்னதாக இருக்கும்போது, அல்லது பேச்சுத் தொடங்கும் முன்னால், தெரிந்தே ஒரு பந்தை விடுவார்கள். குழி வாயில் தட்டித் திரும்பும். பார்ப்பவனுக்கு "நம்மள மாதிரிதான் ஆடறான்" என்று தோன்றும்.

விழுந்த பந்தையும் விழாத பந்தையும் விட்டுவிட்டு, குச்சியால் அடிக்கும் வெள்ளைப் பந்தைப் பாருங்கள். குறி தப்பிய பிறகும் வெள்ளைப் பந்து ஒவ்வொரு முறையும் உங்களுக்கு வசதியில்லாத இடத்தில், ஏதாவது பந்துக்குப் பின்னால் ஒளிந்தோ, ஓரத்தை ஒட்டியோ நின்றால் அந்த ஆளுக்கு உங்களைவிட நிறையத் தெரியும். பந்தைக் குழியில் போடத் தெரியாததுபோல் நடிக்கலாம். கை பழகிவிட்டால் வெள்ளைப் பந்தைத் தாறுமாறாக விடுவது கஷ்டம்.

ஒரு ராத்திரி ஜெயித்துவிட்டுத் திறமை என்று நம்புவது

இது எதிர்ப்பக்கத் தவறு. மேசையில் இருந்து சீட்டுக்குப் போகிறவர்கள் செய்வது. மேசையில் மூன்று நாள் தொடர்ந்து ஒருவரை ஜெயித்தால் நீங்கள் அவரைவிட நன்றாக ஆடுகிறீர்கள் என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். போக்கரில் மூன்று நாள் என்பது ஒன்றுமே இல்லை.

என் மாமன் மகன் ஒரு பொங்கல் லீவில், காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டில், ஏழும் ரெண்டும் வைத்துக்கொண்டு இரண்டு ஏஸை ஜெயித்தான். வேறு வேறு ஜாதிச் சீட்டில் ஏழும் ரெண்டும் என்பது போக்கரில் மிக மோசமான கை. ஏஸ் ஜோடிக்கு எதிராக அது ஜெயிப்பது நூற்றுக்குச் சுமார் 12 முறை. அந்த ஒரு முறை அன்றைக்கு வந்தது. அவனோ எதிராளியின் முகத்தைப் படித்துவிட்டதாக நம்பினான். அடுத்த மாதமே போனில் ஆட ஆரம்பித்தான். அங்கே படிக்க முகமும் இல்லை. தோட்டத்தில் ஒருவர் விட்ட காசு இன்னொருவர் பைக்குப் போகும், அவ்வளவுதான். ஆன்லைனில் ஒவ்வொரு முறையும் நடுவில் சேரும் பந்தயப் பணத்திலிருந்து ஆட்டம் நடத்துகிறவர் ஒரு பங்கு எடுத்துக்கொண்டிருந்தார். சம திறமையுள்ளவர்கள் ஆடிக்கொண்டே இருந்தால் எல்லோருடைய காசும் மெதுவாகக் குறையும். மச்சானுடையது வேகமாகவே குறைந்தது.

இது திறமையா அதிர்ஷ்டமா என்பதில் நீதிமன்றத்திலும் பெரிய வழக்கு நடந்தது. 2023ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பட்டியலிட்டது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியல் செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்தக் கேள்விக்கே போகாமல், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று தடுத்துவிட்டது. போக்கரில் திறமை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கான கை ஆடிய பிறகே அது கண்ணுக்குத் தெரியும். சம்பளப் பணம் அதுவரை தாங்காது.

கடன் சொல்லி ஆடுவது

கையில் இல்லாத காசை மேசையில் வைக்காதீர்கள்.

பங்காளியோடு பந்தயம்

வேண்டாம்.

தெரியாத மேசையில் உடனே பணம் வைப்பது

52 சீட்டு எந்த ஊருக்குப் போனாலும் 52 சீட்டுதான். மேசை அப்படி இல்லை. முழு ஸ்னூக்கர் மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம். எயிட் பால் மேசை 7 அடியிலும் இருக்கும், 9 அடியிலும் இருக்கும். ஒரு கடையில் குழி வாய் அகலம், இன்னொன்றில் இறுக்கம். மழைக்காலத்தில் துணி ஈரம் ஏறிப் பந்து மெதுவாக ஓடும். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்த மேசையும் உண்டு, அது அங்கேயே தினமும் ஆடுகிறவனுக்கு மட்டும் தெரியும். போத்தனூரிலிருந்தோ கோபியிலிருந்தோ வந்து இறங்கியவுடன் பணம் வைப்பது சரியான முட்டாள்தனம். அரை மணி நேரம் தனியாக அடித்துப் பாருங்கள்.

மேசையும் பந்தயமும் சேர்ந்தது புதிதல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறினால் ஊட்டி கிளப். 1875ல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகள் காசு வைத்து ஆடிய பழைய ஆட்டங்களைச் சேர்த்து உருவான ஸ்னூக்கருக்கு விதிகள் எழுதி மாட்டப்பட்டது அந்த கிளப்பில்தான்.

மேசைக் காசைக் கணக்கில் சேர்க்காதது

தோற்றவர் மேசைக் காசு கொடுக்க வேண்டும் என்பதுதான் எந்தப் பார்லரிலும் முதல் பந்தயம். அதை யாரும் பந்தயமாகவே நினைப்பதில்லை. நான் போகும் கடையில் மணிக்கு 150 ரூபாய். அந்தச் செக்கிங் பையனை அன்று டபுள் ஆட விடாமல் கீழே கூட்டிவந்து, டீ வாங்கிக்கொடுத்து, நான்கு கேம் விட்டுக்கொடுத்தால்தான் ஆட்டம் சமம் என்கிற கணக்கைச் சொன்னேன். ஒரு சின்ன நோட்டில் பந்தயத்தில் போனதைத் தனியாகவும் மேசைக் காசைத் தனியாகவும் எழுதச் சொன்னேன். போன சனிக்கிழமை கொண்டுவந்து காட்டினான். மூன்று வாரத்தில் பந்தயத்தில் போனது 1,200. மேசைக் காசு 2,250.