பழைய மெயில்களைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

பெரியமேட்டில் தோல் வியாபாரம் செய்துவந்த என் மாமா, பல வருட மெயில்களை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துவந்தார். "இதைப் புது லேப்டாப்புல ஏத்திக் குடுப்பா" என்றார். உள்ளே இருந்தது ஒரே ஒரு ஓஎஸ்டி ஃபைல். பழைய கம்ப்யூட்டர் முந்தின வாரமே எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது.

பலரும் சறுக்குவது இங்கேதான். மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக்கில் ஓஎஸ்டி என்பது சர்வரில் இருக்கும் மெயில்களின் நகல் மட்டுமே. அதை இன்னொரு கம்ப்யூட்டரில் அப்படியே திறக்க முடியாது, திறக்க வேண்டியதும் இல்லை. அக்கவுண்டைப் புதிதாகச் சேர்த்தால் சர்வரில் இருப்பவை தானே இறங்கிவிடும். ஆர்க்கைவ் செய்த, அதாவது தனியே எடுத்துவைத்த, பழைய மெயில்கள் இருப்பது பிஎஸ்டி (.pst) ஃபைலில். வழக்கமாக அது டாக்குமெண்ட்ஸில் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் இருக்கும். 2007 வரையிலான பதிப்புகளில் மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் கிடக்கும். அதனால் கம்ப்யூட்டர் முழுக்க பிஎஸ்டி என்று தேடிப் பார்க்காமல் பழையதைக் கைவிடாதீர்கள்.

காப்பி செய்யும்போது அவுட்லுக் மூடியிருக்க வேண்டும். பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. பென்டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் சரி, இதே கதைதான். எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றினால் அதில் இருப்பதெல்லாம் அழியும், அதையும் கவனியுங்கள். காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபைல் அளவு ஒன்றா என்று பாருங்கள்.

மாமாவின் பீரோவில் 2003-ல் எழுதிய ஒரு பேக்கப் சிடி கிடைத்தது. அதில் ஒரு பிஎஸ்டி! அவர் அதைச் சிடியிலிருந்தே திறக்கப் பார்த்தார். பிஎஸ்டியில் அவுட்லுக் எழுதவும் செய்யும், அதனால் சிடியிலிருந்து திறக்காது. முதலில் லேப்டாப்பின் டிஸ்க்குக்குக் காப்பி செய்து, பிராப்பர்ட்டீஸில் 'ரீட் ஒன்லி' டிக்கை எடுத்தோம். அலுவலகத்தில் நெட்வொர்க் டிரைவிலேயே வைத்துத் திறப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: முதலில் சொந்த டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள், நெட்வொர்க்கிலேயே திறந்தால் ஃபைல் கெட்டுப்போகக்கூடும்.

அப்புறம், இம்போர்ட் கொடுக்காதீர்கள். பழைய மெயில்கள் இப்போதைய இன்பாக்ஸில் கலந்துவிடும். 'ஓபன் அண்ட் எக்ஸ்போர்ட்' போய் 'ஓபன் அவுட்லுக் டேட்டா ஃபைல்' கொடுத்தால் அது தனி ஃபோல்டராக ஓரத்தில் வந்து நிற்கும். இதற்குப் புதிய அவுட்லுக்கைவிட, கிளாசிக் எனப்படும் பழைய அவுட்லுக்கே நல்லது. திறக்காமல் பிழை காட்டினால், பிஎஸ்டியைப் பழுதுபார்க்க அவுட்லுக்கோடு வரும் ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவி இருக்கிறது. ஆனால் அதை ஒரு நகலில்தான் ஓட்ட வேண்டும். அவுட்லுக் 2002 வரை உருவான பிஎஸ்டிகளின் எல்லை 2 ஜிபி. அவற்றில் மேலும் எதையும் சேர்க்காமல், புதிதாக ஒரு பிஎஸ்டி உருவாக்கி மெயில்களை அதற்கு நகர்த்துங்கள்.

அவுட்லுக்குக்குப் பதிலாகத் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளை வைத்திருப்பவர்கள் ப்ரொஃபைல் ஃபோல்டரை முழுதாக எடுங்கள். எம்எஸ்எஃப் என்று முடிவது வெறும் இன்டெக்ஸ். பக்கத்திலேயே எக்ஸ்டென்ஷன் இல்லாமல் இருக்கும் பெரிய ஃபைலில்தான் மெயில்கள் இருக்கின்றன. குப்பை என்று அதைத்தான் முதலில் அழிக்கிறார்கள்.

சிடியில் இருந்த மெயில்கள் வந்தன. ஆனால் கனடாவிலிருந்து அக்கா எழுதியவை மட்டும் புள்ளியும் கோடும் வைத்த ரோமன் எழுத்துகளாகத் தெரிந்தன. "கெட்டுப்போச்சு, அழிச்சிடு" என்றார் மாமா. கெடவில்லை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் பரவுவதற்கு முன் டிஸ்கி, டாப், டாம் என்று பல குறியாக்கங்களில், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறைகளில், தமிழ் எழுதினோம். டாபும் டாமும் 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்தவை. அந்த எழுத்துகளைக் காப்பி செய்து ஒரு குறியாக்க மாற்றியில் ஒட்டி, ஒவ்வொன்றாக முயன்றோம். டிஸ்கி என்று கொடுத்ததும் முதல் வரி தெரிந்தது: "அம்மா அனுப்பிய ரசப்பொடி தீர்ந்துவிட்டது."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அடுத்த மெயிலைத் திறக்கச் சொன்னார்.