பஞ்சருக்குக் காரணம் முள் இல்லை

இரண்டு வாரமாக என் சைக்கிளின் பின் சக்கரம் ஒவ்வொரு பயணத்திலும் பஞ்சர். வீட்டில் நிறுத்தி வைத்திருந்தால் காற்று அப்படியே நிற்கும். 15, 20 கிலோமீட்டர் ஓட்டியதும் இறங்கிவிடும்.

முள்தான் என்று நினைத்து டயரின் உட்புறம் முழுக்கத் துணியால் துடைத்துப் பார்த்தேன். முள்ளோ கம்பித் துணுக்கோ இருந்தால் துணியின் நூல் சிக்கும். ஒன்றும் சிக்கவில்லை. டியூபை மாற்றினேன், டயரையும் மாற்றினேன். அடுத்த பயணத்திலேயே மறுபடி பஞ்சர்.

அப்புறம்தான் பழைய டியூப் மூன்றையும் ஊதி, தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். மூன்றிலும் ஓட்டை டயர் பக்கம் இல்லை. வால்வு இருக்கும் அதே பக்கம், அதாவது ரிம்மை ஒட்டிய பக்கம். ஓட்டையைச் சுற்றி வட்டமாக ஒரு தடம், சட்டைப் பொத்தானை அழுத்தி எடுத்தது போல. முள் குத்தினால் அப்படி வராது.

ரிம்மைப் பார்த்தேன். ஸ்போக் துளைகளை மூடும் ரப்பர் பட்டை ஓரிடத்தில் 2 மில்லிமீட்டர் விலகி, துளையின் விளிம்பு பிறை போலத் தெரிந்தது. காற்றழுத்தத்தில் டியூப் அதற்குள் பிதுங்கி, ஓட ஓட விளிம்பில் அறுபட்டிருக்கிறது.

பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ரிம்மை ஈரம் எண்ணெய் இல்லாமல் துடைத்து, உள் அகலத்துக்குப் பொருந்தும் துணி ரிம் டேப்பை இழுத்து ஒட்டினேன். டேப்பின் துளை வால்வுத் துளைக்கு நேராக வர வேண்டும், அது முக்கியம். இதுவரை 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். பஞ்சர் இல்லை, பெரிய நிம்மதி.