இதழியல் மாணவர்கள் இன்றே தொடங்க வேண்டிய சில பழக்கங்கள்

இதழியல் படிப்பவர்களுக்கு எழுத்துத் திறனுக்கும் முன்பாகக் கைவர வேண்டியது, கேட்டதை அப்படியே நம்பிவிடாமல் சரிபார்க்கும் பழக்கமே என்பது என் உறுதியான கருத்து. பேட்டி முடிந்து எழுந்திருக்கும் முன் குறிப்பேட்டை நீட்டி, எதிரில் இருப்பவரின் பெயரையும் பதவியையும் அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும், அவரை அறிந்த வாசகருக்கு முழுச் செய்தியின் மீதும் ஐயம் எழுந்துவிடும்.

எண்களிலும் இதே கவனம் தேவை. 20 விழுக்காடாக இருந்த வட்டி 25 விழுக்காடானால், அது 5 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்திருக்கிறது. ஆனால், முன்பிருந்த அளவோடு ஒப்பிட்டால் உயர்வு 25 விழுக்காடு. (இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வது பயிற்சிக் கட்டுரைகளில் அடிக்கடி காணப்படும் பிழை.)

பேட்டியில் சற்று இடைவெளி விழுந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் சில நொடிகள் பொறுத்திருங்கள். தயங்கிக்கொண்டிருந்தவர் சொல்ல நினைத்தது பல நேரங்களில் அப்போதுதான் வெளிவரும்.

நாள்தோறும் ஒரே செய்தியை 2 நாளிதழ்களில் படித்து, முதல் பத்தியில் எது இடம்பெற்றது, யாருடைய தரப்பு விடுபட்டது என்பதைக் குறித்து வைப்பதற்கு அரை மணி நேரம் போதும்.