பாம்பரோவின் கிரேஸ் டார்லிங் அருங்காட்சியகம்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், நார்தம்பர்லாந்தில், பாம்பரோ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கரும்பாறை மேல் ஒரு கோட்டை, ஒரு பழைய தேவாலயம், சில தெருக்கள், கண்ணுக்கெட்டிய தூரம் மணல். தேவாலயத்துக்கு எதிரே ராட்கிளிஃப் சாலையில் உள்ள சின்ன அருங்காட்சியகம் ஒரே ஒரு பெண்ணின் பெயரில் நிற்கிறது. 1838 செப்டம்பர் 7 அன்று காலை, புயலில் உடைந்த கப்பலிலிருந்து பாறையில் ஒதுங்கியவர்களை மீட்க, தகப்பனோடு துடுப்புப் போட்டுப் போன கிரேஸ் டார்லிங் அவர். அப்போது வயது 22.

வேகமாக நடந்தால் இருபது நிமிடத்தில் பார்த்து முடித்துவிடக்கூடிய இடம் இது. அப்படிப் பார்த்தவர்கள் "ஒரு பழைய படகு, கொஞ்சம் படங்கள்" என்று சொல்லிவிட்டுக் கோட்டைக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் படகையும் வெளியே இருக்கிற கடலையும் சேர்த்துப் பார்த்தால்தான் நடந்தது என்னவென்று புரியும். கீழே சொல்லியிருக்கும் வரிசை அதற்காகத்தான்.

1. கதையைச் சரியாகத் தெரிந்துகொண்டு போங்கள்

ஃபார்ஃபர்ஷயர் என்ற துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் ஹல் துறைமுகத்திலிருந்து ஸ்காட்லாந்தின் டண்டீக்குப் போய்க்கொண்டிருந்தது. பெரிக் ஊருக்கு நேரே கடலில் போகும்போது கொதிகலன் ஒழுகி, இயந்திரம் நின்றுபோனது. வடக்கிலிருந்து புயல். கேப்டன் ஹம்பிள் பாயை விரித்துத் தெற்கே திருப்பினார். பாம்பரோவுக்கு எதிரே கடலில் உள்ள ஃபார்ன் தீவுகளில் இரண்டு இடங்களில் கலங்கரை விளக்கங்கள் இருந்தன: கரைக்குப் பக்கத்தில் உள் ஃபார்ன், வெளிக்கடல் பக்கம் லாங்ஸ்டோன். லாங்ஸ்டோன் வெளிச்சத்தை உள் ஃபார்ன் என்று அவர் தவறாக எண்ணியதாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அதிகாலை 4 மணி வாக்கில் கப்பல் பிக் ஹார்க்கர் என்ற பாறையில் மோதியது. கால் மணி நேரத்தில் இரண்டாகப் பிளந்தது.

லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கத்தின் காவலரும் கிரேஸின் தகப்பனுமான வில்லியம் டார்லிங் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்த கணக்கு இது: 43 பேர் மூழ்கினார்கள், 9 பேர் கப்பலின் சொந்தப் படகில் முன்பே தப்பி, ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் ஊர்க் கப்பல் ஒன்றால் மீட்கப்பட்டார்கள், மற்ற 9 பேரை டார்லிங் குடும்பத்தார் காப்பாற்றினார்கள். மகளின் பெயரை அவர் தனியாகக் குறிப்பிடவில்லை. ஆனால் கப்பலில் இருந்த சரக்கை மறக்காமல் எழுதியிருக்கிறார்: உயர்ரகத் துணி, இரும்புச் சாமான், சோப்பு, கொதிகலன் தகடு, நூற்பு இயந்திரப் பாகங்கள். கலங்கரை விளக்கக் காவலரின் வேலை எப்படிப்பட்டது என்பதை இந்த ஒரு குறிப்பே காட்டிவிடும்.

முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு தவறான எண்ணங்களோடு வருகிறார்கள். ஒன்று, கிரேஸ் தனியாகப் போனார் என்பது. போனது இருவர். இரண்டு, ஒன்பது பேரையும் அவரே கொண்டுவந்தார் என்பது. மீட்பு இரண்டு நடையாக நடந்தது. முதல் நடையில் தகப்பனும் மகளும் போய் நான்கு ஆண்களையும் திருமதி டாசன் என்ற பெண்ணையும் கொண்டுவந்தார்கள். அந்தத் தாயின் இரண்டு பிள்ளைகளும் பாறையிலேயே இறந்துவிட்டிருந்தார்கள். இரண்டாம் நடைக்கு வில்லியம், மீட்கப்பட்ட மாலுமிகளில் சிலரைத் துடுப்புக்கு வைத்துக்கொண்டு போனார். கிரேஸ் கலங்கரை விளக்கத்தில் தாயோடு இருந்து, வந்தவர்களைக் கவனித்தார்.

இந்த விவரத்தால் அவருடைய பெருமை குறைவதில்லை. ஏன் என்பது படகின் முன்னால் நிற்கும்போது தெரியும்.

2. நாளையும் வழியையும் முடிவு செய்யுங்கள்

அனுமதி இலவசம். பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனமான ஆர்.என்.எல்.ஐ. இதை நடத்துகிறது. அது 1824இல் தொடங்கிய, நன்கொடையால் நடக்கும் தொண்டு அமைப்பு. வாசலில் இருக்கும் உண்டியலில் போடுவது கடலுக்குப் போகும் தொண்டர்களுக்குச் சேரும்.

கோடையில் வாரம் முழுக்கத் திறந்திருக்கும். குளிர்காலத்தில் நேரம் குறையும், திங்கட்கிழமை மூடியிருப்பது வழக்கம். கிளம்பும் வாரத்தில் அவர்களுடைய தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். ஆகஸ்டில் நண்பகல் நேரத்தைத் தவிர்ப்பது நல்லது. கோட்டைக்கு வரும் கூட்டமும் அப்போதுதான் சேரும். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

ரயிலில் வந்தால் லண்டன்–எடின்பரோ கிழக்குக் கரைப் பாதையில் ஆல்ன்மத் அல்லது பெரிக்கில் இறங்க வேண்டும். எல்லா விரைவு ரயில்களும் ஆல்ன்மத்தில் நிற்காது. டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள். வரைபடத்தில் பாம்பரோவுக்கு மிக அருகில் சாட்ஹில் நிலையம் தெரியும். அதை நம்பிக் கிளம்பாதீர்கள்: அங்கே நாளுக்கு ஒன்றிரண்டு ரயில்கள்தான் நிற்கும். அதை விட்டுவிட்டால் அடுத்தது இல்லை.

ஆல்ன்மத்திலிருந்தும் பெரிக்கிலிருந்தும் எக்ஸ்18 பேருந்து பாம்பரோ வழியாகப் போகும். அடிக்கடி வராது. திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையிலேயே குறித்து வைத்துக்கொண்டு மற்றதை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நேரப்பட்டியல் வேறு.

ஜூலையிலும் காற்றைத் தாங்கும் மேல்சட்டை வேண்டும். குடை இந்தக் கரையில் ஒரு நிமிடம்கூட நிற்காது.

3. உள்ளே போனதும் நேராகப் படகிடம் போங்கள்

சுவரில் உள்ள பலகைகளை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினால், படகிடம் வரும்போது களைத்திருப்பீர்கள். முதலில் படகு.

அன்று போன அதே படகுதான் இது, மாதிரி அல்ல. கோபிள் என்ற வகை, வடகிழக்கு இங்கிலாந்து மீனவர்களுடையது. நீளம் சுமார் 21 அடி. பலகை மேல் பலகை ஏறியிருக்கும்படி அடித்திருப்பதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பிறகு அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, வாருங்கள்: அங்கே அடிப்பாகம் ஆழமாக இறங்கி, தண்ணீரைக் கத்திபோல் வெட்டும்படி இருக்கும். அமரம் என்ற பின்முனைப் பக்கம் போனால் அடி தட்டையாகிவிடும். துறைமுகம் இல்லாத மணற்கரையில் அமரத்தை முன்விட்டுக் கரையேற்றுவதற்காகச் செய்த அமைப்பு அது. அலையை அணியம் நேராகச் சந்திக்கும்வரை இந்தப் படகு நன்றாக நிற்கும். பக்கவாட்டில் திரும்பிவிட்டால் ஆபத்து.

இப்போது படகின் நடுவில் கண்ணை வைத்து, மூன்று விஷயங்களை யோசியுங்கள்.

இப்படிப்பட்ட படகைக் கெட்ட கடலில் இழுக்க மூன்று, நான்கு ஆண்கள் வேண்டும். அன்று வீட்டில் இருந்தது வில்லியம், மனைவி தோமசின், கிரேஸ் மட்டும். தம்பி மீன்பிடிக்குக் கரைக்குப் போயிருந்தார். தாய் படகைத் தள்ளிவிட உதவினார், ஏறியது இருவர்.

அடுத்தது தூரம். பாறை நேர்க்கோட்டில் அருகில்தான் இருந்தது. ஆனால் வடக்கிலிருந்து அடித்த அலையின் குறுக்கே நேராகப் போயிருந்தால் படகு கவிழ்ந்திருக்கும். தீவுகளின் காற்று மறைவான தெற்குப் பக்கமாகச் சுற்றி, ஏறக்குறைய ஒரு மைல் துடுப்புப் போட்டார்கள். அருங்காட்சியகத்தில் தீவுகளின் வரைபடத்தைத் தேடி, லாங்ஸ்டோனிலிருந்து பிக் ஹார்க்கருக்கு இந்தச் சுற்றுவழியை விரலால் வரைந்து பாருங்கள். பிள்ளைகளோடு வந்தால் இதை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். பாறையில் இருப்பவர்கள் எத்தனை பேர், யார் முதலில் ஏறுவது என்று பார்க்க வில்லியம் பாறை மேல் குதித்தார். அவர் குதித்த நொடியிலிருந்து அந்த 21 அடிப் படகில் இருந்தது கிரேஸ் ஒருவர்தான். பாறையை நெருங்கினால் படகு நொறுங்கும். விலகிப் போய்விட்டால் தகப்பனும் பாறையில் சிக்கிக்கொள்வார். இரண்டு துடுப்புகளை மாற்றி மாற்றிப் போட்டு, அணியம் அலையை விட்டுத் திரும்பாமல் படகை அந்த இடத்திலேயே வைத்திருந்தார். மீட்பின் கடினமான பகுதி இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. படங்களும் பாட்டுகளும் துடுப்புப் போட்டுப் போவதையே திரும்பத் திரும்பக் காட்டுவதால் இது மறைந்துபோகிறது. திரும்பி வரும்போது படகில் ஏழு பேர்.

படகிடம் மட்டும் கால் மணி நேரம் செலவிடுங்கள். சுற்றிச் சுற்றி வாருங்கள்.

4. மற்ற காட்சிப் பொருட்கள்

குடும்பத்தின் பொருட்கள், உடைகள், கடிதங்கள், உருவப்படங்கள் எல்லாம் உண்டு. அவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம்: புயலுக்கு முன்பு, புயலுக்குப் பின்பு.

முன்பு என்றால் ஒன்பது பிள்ளைகளில் ஏழாவதாக 1815 நவம்பர் 24 அன்று இதே ஊரில் பிறந்து, முதலில் பிரவுன்ஸ்மன் தீவிலும், 1826 முதல் லாங்ஸ்டோனிலும் வளர்ந்த பெண்ணின் அன்றாட வாழ்க்கை. வீட்டுப் பொருட்களை இந்தக் கண்ணோடு பாருங்கள்: அந்தத் தீவில் மரமும் இல்லை, அண்டை வீடும் இல்லை.

பின்பு என்றால் புகழ். செய்தித்தாள்கள் எழுத, நாடே அவரைத் தேடி வந்தது. உயிர்காப்பு நிறுவனத்தின் வெள்ளிப் பதக்கம், ராயல் ஹ்யூமேன் சொசைட்டியின் தங்கப் பதக்கம், விக்டோரியா ராணியிடமிருந்து 50 பவுண்டு. ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் தீவுக்கே படகேறி வந்தார்கள். தலைமுடியில் ஒரு இழை, உடையில் ஒரு துண்டு கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. பல படங்களை அருகருகே ஒப்பிடுங்கள்: ஒரே முகம் ஒவ்வொரு ஓவியருக்கும் வேறாக மாறியிருக்கும், கூந்தல் காற்றில் பறக்கும், படகு சிறுத்துப்போகும், சிலவற்றில் தகப்பன் மங்கலாகிவிடுவார். சற்று முன் உண்மையான படகைப் பார்த்துவிட்டதால் இந்த மாற்றங்கள் உடனே கண்ணில் படும். படகை முதலில் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

1842இல் உடல்நலம் குன்றி, அக்டோபர் 20 அன்று காசநோயால் பாம்பரோவிலேயே இறந்தார். வயது 26.

5. சாலையைக் கடந்து தேவாலய முற்றத்துக்கு

புனித எய்டன் தேவாலயம் நேர் எதிரே. முற்றத்தில் தூண்கள் வைத்த கல் மண்டபத்தின் கீழ், துடுப்போடு படுத்திருக்கும் பெண்ணின் சிலையைக் காண்பீர்கள். பெரும்பாலோர் இங்கே படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இது நினைவுச் சின்னம் மட்டுமே. கடலில் போகும் கப்பல்களுக்குத் தெரிய வேண்டும் என்று உயரமாகக் கட்டியது. கிரேஸ் அடக்கமானது அதே முற்றத்தில் உள்ள எளிய குடும்பக் கல்லறையில், பெற்றோரின் பெயர்களோடு. தேடிப் பாருங்கள். முதலில் செய்த சிலை வெயிலிலும் மழையிலும் பழுதானதால் தேவாலயத்துக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. இப்போது வெளியே இருப்பது பிறகு செய்தது.

6. கடற்கரைக்கு இறங்குங்கள்

கோட்டைக்குக் கீழே மணல்மேடுகளைத் தாண்டினால் கடல். தெளிந்த நாளில் தீவுகள் வரிசையாகத் தெரியும். அருகில் இருப்பது உள் ஃபார்ன். தொலைவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் கோபுரம் லாங்ஸ்டோன். இரண்டு விளக்குகளையும் இருட்டில், மழையில், இயந்திரம் இல்லாத கப்பலிலிருந்து பிரித்தறிவது எவ்வளவு சிரமம் என்பது இங்கே நின்றால் விளங்கும்.

திரும்பிக் கோட்டையையும் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் க்ரூ பிரபுவின் அறக்கட்டளை இங்கிருந்தே கப்பல் விபத்துகளுக்கு உதவி செய்தது: புயல் இரவுகளில் குதிரையில் கரைக் காவல், பீரங்கி எச்சரிக்கை, கரையேறிய மாலுமிகளுக்குப் படுக்கை. லயனல் லூகின் வடிவமைத்த மூழ்காப் படகு ஒன்று 1786 முதல் இங்கே இருந்தது.

7. சீஹௌசஸிலிருந்து படகில் லாங்ஸ்டோன்

பாம்பரோவுக்குத் தெற்கே சுமார் 5 கிலோமீட்டரில் சீஹௌசஸ் துறைமுகம். கடல் வற்றியிருக்கும்போது மணலிலேயே நடந்து போகலாம்.

துறைமுகக் கூண்டுகளில் டிக்கெட் வாங்கும்போது ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "லாங்ஸ்டோனில் இறங்க முடியுமா?" பல படகுகள் தீவுகளைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும், சில உள் ஃபார்னில் மட்டும் இறக்கும். கலங்கரை விளக்கத்துக்குள் போக வேண்டுமென்றால் அதற்கான பயணத்தையே எடுக்க வேண்டும். அன்று காலை கிரேஸ் உடைந்த கப்பலைக் கண்ட ஜன்னல் எது என்று படகோட்டிகள் காட்டுவார்கள்.

குமட்டல் வரக்கூடியவர்கள் மாத்திரையைப் படகேறுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. பிடிமானமுள்ள செருப்பு அவசியம், இறங்கும் படிகளில் பாசி வழுக்கும். மே முதல் ஜூலை வரை உள் ஃபார்னில் இறங்கினால் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்: முட்டையைக் காக்கும் ஆலா என்ற கடற்பறவைகள் தலையில் கொத்தும். பஃபின் பறவைகளைப் பார்க்க வருகிறவர்களுக்கும் அதுவே பருவம். இலையுதிர் காலத்தில் வந்தால் சீல் குட்டிகள்.

காற்று பலமாக இருந்தால் பயணம் ரத்தாகும். துறைமுகத்தில் அலையே இல்லாததுபோல் தெரிந்தாலும் வெளித்தீவில் படகை அணைக்க முடியாமல் போகலாம், ஆகவே படகோட்டி மறுத்தால் வாதாடாதீர்கள். இரண்டு நாள் தங்கினால், முன்னறிவிப்பில் காற்று குறைவாக உள்ள நாளைக் கடலுக்கும் மற்ற நாளை அருங்காட்சியகத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாள்தான் என்றால் படகுக்கூண்டுக்குக் காலையிலேயே தொலைபேசியில் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும் நேரத்துக்கேற்ப அருங்காட்சியகத்தை முன்னோ பின்னோ நகர்த்துங்கள். படகு போகவே போகாது என்றால், சீஹௌசஸில் இன்றும் இயங்கும் உயிர்காப்புப் படகு நிலையத்துக்குப் போங்கள். அங்கே முன்பு பணியிலிருந்த படகொன்றின் பெயரும் கிரேஸ் டார்லிங்தான்.